கொடியில் எங்க ஊர் பேர்: ராயல் டப்ளின் ஃபுசிலியர்ஸ் பற்றி ஒரு சந்தேகம்

#1 கோட்டைமேட்டான்

எல்லாருக்கும் வணக்கம். நான் வந்தவாசிக்காரன், பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியார். வந்தவாசிப் போர் பாடம் நடத்தும்போதெல்லாம் ஏதாவது ஒரு பையன் எழுந்து, "சார், இங்க சண்டை போட்ட வெள்ளைக்கார சிப்பாய்ங்க அப்புறம் எங்க போனாங்க?" என்று கேட்பான். "கப்பல் ஏறிட்டாங்கடா, உட்காரு" என்று இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன வாரம் மனசு உறுத்தி, தேட உட்கார்ந்தேன். தேடல் எங்கெங்கோ சுற்றி அயர்லாந்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ராயல் டப்ளின் ஃபுசிலியர்ஸ் என்று ஒரு காலாட்படை ரெஜிமென்ட். 1922-இல் கலைத்துவிட்டார்கள். சண்டை போட்ட இடங்களின் பெயரைப் படைக்கொடியில் பொறித்துக்கொள்வார்கள், அதுதான் போர்ப் பெருமை. அவர்களுடைய பட்டியலில் ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர், புதுச்சேரி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் 'வாண்டிவாஷ்', 'விண்டிவாஷ்' என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், அது வேறு கதை.

என் கேள்வி ஒன்றுதான். 1760-இல் நடந்த வந்தவாசிப் போருக்கும் டப்ளினுக்கும் என்ன சம்பந்தம்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழங்கணக்கு

வாத்தியாரே, அது பெயர் மாறிய கதை. 1760-இல் டப்ளின் ஃபுசிலியர்ஸ் என்று ஒன்று கிடையாது. வந்தவாசியில் நின்றது கிழக்கிந்திய கம்பெனியின் சொந்த வெள்ளைக்காரப் படை.

ஜார்ஜ் கோட்டைக்குக் காவலாக 1640-களிலிருந்தே கம்பெனி சில்லறையாக ஆள் வைத்திருந்தது. அந்த உதிரிக் கம்பெனிகளை 1748-இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் சேர்த்துக் கட்டிப் பட்டாலியன் ஆக்கினார். அதுதான் மெட்ராஸ் ஐரோப்பியன் ரெஜிமென்ட். 1751-இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போன சுமார் 200 வெள்ளைக்காரர்கள், பிளாசி, வந்தவாசி, 1781-இல் ஹைதர் அலியோடு நடந்த சோளிங்கர் சண்டை எல்லாம் அந்தக் கணக்கில் ஏறியவை. பின்னால் அதற்கு மெட்ராஸ் ஃபுசிலியர்ஸ் என்று பெயர் வந்தது. ஃபுசில் என்பது ஒரு வகைத் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கி வழக்கொழிந்து பல காலம் கழித்தும் 'ஃபுசிலியர்' என்ற பட்டத்தைக் கௌரவமாகக் கொடுத்து வந்தார்கள்.

1857 கலகத்துக்குப் பிறகு கம்பெனியின் படைகள் ராணியின் படைகளாயின. மெட்ராஸ்காரர்கள் 102-ஆம் ரெஜிமென்ட், பம்பாய்க்காரர்கள் 103-ஆம் ரெஜிமென்ட். 1881 ஜூலை 1 அன்று லண்டனில் போர் அமைச்சராக இருந்த சில்டர்ஸ் ரெஜிமென்ட்களில் பலவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியையும் ஒரு வட்டாரத்தோடு முடிச்சுப் போட்டார். மெட்ராஸும் பம்பாயும் சேர்ந்து ராயல் டப்ளின் ஃபுசிலியர்ஸ் ஆயின. டிப்போ கில்டேர் மாவட்டத்து நேஸ் ஊரில். டப்ளின், கில்டேர், விக்லோ, கார்லோ நான்கும் ஆள் எடுக்கும் வட்டாரம்.

முதல் பட்டாலியன் நம்ம மெட்ராஸ், இரண்டாவது பம்பாய். தொப்பிச் சின்னத்தில் எரியும் குண்டு, அதன்மேல் ஒரு புலி, ஒரு யானை. டப்ளின்காரன் நெற்றியில் வங்காளப் புலி!

#3 லிஃபிக்கரை

நான் டப்ளினில்தான் நர்ஸாக இருக்கிறேன், எட்டு வருஷம் ஆகிறது. இந்த இழையைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்கு இவர்கள் பெயரில்தான் வாசல் வளைவு இருக்கிறது, ஃபுசிலியர்ஸ் ஆர்ச். கிராஃப்டன் தெரு முடிகிற இடத்தில். அதன் அடியில்தான் நான் எப்பவும் தோழிகளுக்காகக் காத்து நிற்பேன். உள்பக்கம் அண்ணாந்து பார்த்தால் போயர் போரில் செத்தவர்களின் பெயர்கள் வரிசை வரிசையாக. டாலானா, கொலென்ஸோ, லேடிஸ்மித் என்று தென்னாப்பிரிக்க ஊர்ப் பெயர்களும் உண்டு. 1907-இல் திறந்தது. தன் மிக வீரமான சிப்பாய்களுக்கு டப்ளின் அர்ப்பணித்தது என்று லத்தீனில் எழுதியிருக்கிறது.

ஆனால் பிரிட்டிஷ்காரனுக்காகச் சண்டை போட்டவர்கள் என்பதால், இங்கே பழைய ஆட்கள் அதை 'துரோகிகள் வாசல்' என்றுதான் சொல்வார்களாம். எங்கள் வார்டில் இருந்த ஒரு தாத்தா சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்புறம் ஒன்று, வளைவின் ஒரு பக்கத்தில் கல்லில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். ஏதோ கல் உதிர்ந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து இங்கே நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் பட்ட குண்டாம்.

#4 சுருக்குப்பை

எல்லாரும் உருகுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். இந்த மெட்ராஸ் ஃபுசிலியர்ஸ்தானே 1857-இல் நீல் துரை கூட்டிக்கொண்டு போன படை? காசியிலும் அலகாபாத்திலும் வழியில் இருந்த மரமெல்லாம் தூக்குமரம் ஆக்கினவர்கள்? நம்ம ஊரில் பிறந்த படை என்று பெருமைப்பட என்ன இருக்கிறது? 'துரோகிகள் வாசல்' என்று அயர்லாந்துக்காரன் சொல்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

#5 பழங்கணக்கு

பெருமை என்று யாரும் சொல்லவில்லையே. வரலாறு கேட்டார், சொன்னேன்.

ஆனால் நீல் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. கர்னல் ஜேம்ஸ் நீல், மெட்ராஸ் ஃபுசிலியர்ஸின் தளபதி. தொப்பிக்கு நீலத் துணி உறை போட்டதால் அவர்களுக்கு 'நீலின் நீலத்தொப்பிகள்' என்றே பெயர். நீல், நீலம் என்று தமிழில் மோனை வேறு அமைந்துவிட்டது! கான்பூரில் பீபீகர் என்ற வீட்டில் வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள். நீல் பிடிபட்டவர்களை அந்தத் தரையில் உறைந்த ரத்தத்தைக் கழுவ வைத்து, அதன்பிறகு தூக்கிலிட்டார். சாதியும் மதமும் கெடட்டும் என்று திட்டம் போட்டுச் செய்தது. 1857 செப்டம்பர் 25, லக்னோ தெருச் சண்டையில் குண்டு பட்டுச் செத்தார்.

அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள், ஸ்பென்சர் பக்கம். 1927-இல் அதை அகற்றச் சொல்லி நடந்த சத்தியாக்கிரகம் நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். சோமயாஜுலு முன்னால் நின்றார், கடலூர் அஞ்சலையம்மாள் சிறைக்குப் போனார், இளைஞர் காமராஜரும் அந்தப் போராட்டத்தில் இருந்தவர். சிலை போனது 1937-இல், ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

கவனித்தீர்களா? அவர் படையின் பெயரில் நிற்கும் வளைவை டப்ளின்காரன் திட்டினான். அவர் சிலையை மெட்ராஸ்காரன் கோடாரியோடு போய் உடைக்கப் பார்த்தான். இரண்டு ஊருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

#6 சுருக்குப்பை

கோடாரி விஷயம் பிடித்திருக்கிறது. மேலே சொல்லுங்கள்.

#7 கோட்டைமேட்டான்

பழங்கணக்கு சார், நன்றி. ஒரு சந்தேகம் தீர்ந்தால் இரண்டு முளைக்கிறது. வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலைமை லாலி. நாங்கள் 'கவுண்ட் டி லாலி' என்று பாடத்தில் பிரெஞ்சுக்காரராகவே நடத்துகிறோம். நேற்று பார்த்தால் அவருடைய அப்பா அயர்லாந்து கால்வே பக்கத்து ஓ'லாலி குடும்பமாம்! இங்கிலாந்தில் ராஜா மாறியபோது பழைய கத்தோலிக்க ராஜாவோடு நாட்டைவிட்டுப் போய் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்கள். லாலி தன் பெயரிலேயே ஓர் ஐரிஷ் ரெஜிமென்ட் வைத்திருந்தார், அதுவும் வந்தவாசியில் நின்றது.

எதிரில் நின்ற தளபதி அயர் கூட் பிறந்தது லிமெரிக் பக்கம். அவரும் அயர்லாந்து!

அப்படியானால் 1760 ஜனவரி 22, எங்கள் ஊர் வெளியில், எங்கள் கோட்டைக்காக, இரண்டு பக்கமும் அயர்லாந்துக்காரர்கள் நின்று சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்களா, ஓடினார்களா, தெரியவில்லை.

#8 பழங்கணக்கு

அருமை வாத்தியாரே. லாலியின் ரெஜிமென்ட்டும் கலைக்கப்பட்ட ஐரிஷ் காலாட்படைதான், 1762-இல் போய்விட்டது. லாலி கதை இன்னும் மோசம். 1758-இல் புதுச்சேரியில் இறங்கினார், கடலூர் டேவிட் கோட்டையைப் பிடித்தார், தஞ்சாவூர் ராஜாவிடம் பணம் பிடுங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினார், மெட்ராஸை முற்றுகையிட்டுத் தோற்றார், வந்தவாசியில் தோற்றார், 1761 ஜனவரியில் புதுச்சேரியையும் விட்டார். பாரிஸில் தேசத்துரோக வழக்குப் போட்டு 1766-இல் தலையை வெட்டினார்கள். பேசிவிடப் போகிறார் என்று வாயை அடைத்து வண்டியில் கொண்டுபோனார்கள். அவருக்காக வாதாடியது வால்டேர்.

லாலியைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டுமென்றால் ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டுங்கள். புதுச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்புதான் பிள்ளை கண்ணை மூடினார்.

ஒரு திருத்தம் மட்டும். கம்பெனிப் படையை 'ஐரிஷ்' என்று அப்போதே சொல்ல முடியாது. இங்கிலீஷ், ஸ்காட், ஐரிஷ், ஜெர்மன், சுவிஸ், போர்ச்சுகீஸ் எல்லாம் கலந்த கூட்டம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐரிஷ் ஆட்கள் நிறைய வந்து சேர்கிறார்கள். 1857-இல் மெட்ராஸ் ஃபுசிலியர்ஸில் விக்டோரியா கிராஸ் (பிரிட்டிஷ் படையின் உச்ச வீர விருது) வாங்கியவர்களின் பெயர்களைப் பாருங்கள்: பாட்ரிக் மகோனி, ஜான் ரயன், தாமஸ் டஃபி. டப்ளின் என்ற பெயர் பின்னால் வந்தது, ஆட்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

#9 மட்டுறுத்துநர்

இழை லாலி பக்கம் ஓடுகிறது. லாலிக்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. இங்கே டப்ளின் ரெஜிமென்ட்.

#10 லிஃபிக்கரை

சுருக்குப்பை அண்ணா, 'துரோகி' என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். ஏன் சேர்ந்தார்கள் என்பதைப் பாருங்கள். டப்ளினில் அந்தக் காலத்தில் பெரிய பெரிய பழைய மாளிகைகளை அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். 1914-இல் நடந்த விசாரணையில், 20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஆளுக்கு ஒரே அறையில் வாழ்வதாகக் கணக்கு வந்தது. ஹென்ரியெட்டா தெருவில் அப்படி ஒரு வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தபோது எனக்குப் பழைய வடசென்னை ஸ்டோர் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. அதற்கு முந்தின வருஷம் முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து தொழிற்சங்க ஆட்களை வேலைக்கு வராதே என்று கதவடைத்து மாதக்கணக்கில் பட்டினி போட்டார்கள். அப்புறம் முதல் உலகப் போர். சேர்ந்தால் சம்பளம், வீட்டில் பெண்டாட்டிக்கு வாராவாரம் படி. சேராமல் என்ன செய்வான்?

அதனால்தான் 1916 ஈஸ்டர் வாரத்தில் எழுச்சிக்காரர்களைக் கைதாக்கிக் கொண்டுபோனபோது, இந்தப் படி வாங்கும் பெண்கள்தான் தெருவில் நின்று திட்டித் தீர்த்தார்கள். புருஷன் பிரான்ஸில், மகன் துருக்கியில், இவன்கள் இங்கே ஊரைக் கொளுத்துகிறான்களே என்ற ஆத்திரம். அடுத்த சில நாளில் தலைவர்களைச் சுட்டுக்கொன்ற பிறகு ஊரே மாறியது.

#11 சுருக்குப்பை

வயிற்றுப்பாடு புரிகிறது தங்கச்சி. நம்ம ஊர் சிப்பாயும் அதற்குத்தான் சேர்ந்தான். ஆனால் வயிற்றுப்பாட்டுக்குச் சேர்ந்தவன் அதிகாரி சொன்னதும் சொந்த ஊரையே சுடுவானா? ஈஸ்டர் எழுச்சியை அடக்கியதில் டப்ளின் ஃபுசிலியர்ஸ் இருந்தார்களா இல்லையா?

#12 பழங்கணக்கு

இருந்தார்கள். ரெஜிமென்ட்டில் அதற்குள் நிறையப் பட்டாலியன்கள் இருந்தன. 10-ஆம் பட்டாலியன் டப்ளினிலேயே ராயல் பாரக்ஸில் இருந்தது, முதல் நாளே இறங்கினார்கள். 4-ஆவதும் 5-ஆவதும் வெளியூரிலிருந்து வந்தன. சுட்டவனும் டப்ளின், பட்டவனும் டப்ளின்.

அந்தப் பூங்கா வளைவில் குண்டுப் பள்ளம் என்றாரே, ஸ்டீபன்ஸ் கிரீனைப் பிடித்து வைத்திருந்த எழுச்சிக்காரர்களின் தளபதி மைக்கேல் மாலின். பட்டு நெசவாளி. அதற்கு முன் பிரிட்டிஷ் படையில் இருந்தவர், இந்தியாவில் பல வருஷம் சிப்பாய் வேலை. இங்கே பார்த்ததில் மனம் வெறுத்துத் திரும்பியவர். அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

அதே வாரம், ஏப்ரல் 27 முதல் 29 வரை, பிரான்ஸில் ஹல்லுக் என்ற இடத்தில் 8, 9-ஆம் டப்ளின் பட்டாலியன்கள் இருந்த 16-ஆவது ஐரிஷ் டிவிஷன்மேல் ஜெர்மானியர்கள் விஷவாயு விட்டார்கள். 500 பேருக்கு மேல் செத்தார்கள். பக்கத்து மன்ஸ்டர் ஃபுசிலியர்ஸுக்கு எதிரே ஜெர்மானியர்கள் ஒரு பலகை நட்டார்கள். அயர்லாந்தில் கலகம், இங்கிலீஷ் பீரங்கி உங்கள் பெண்டாட்டி பிள்ளைகளைச் சுடுகிறது என்று எழுதி. அகழியில் நிற்பவனுக்கு ஊர்ச் செய்தி எதிரி சொல்லித்தான் வருகிறது.

#13 லிஃபிக்கரை

டாம் கெட்டில் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்டீபன்ஸ் கிரீனுக்குள்ளேயே அவருடைய மார்பளவு சிலை இருக்கிறது. கவிஞர், பொருளாதாரப் பேராசிரியர், முன்னாள் எம்.பி. 1914-இல் ஐரிஷ் தொண்டர் படைக்குத் துப்பாக்கி வாங்க பெல்ஜியம் போனவர், அங்கே ஜெர்மானியர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார். ஈஸ்டர் வாரத்தில் அவருடைய சகலை ஷீஹி-ஸ்கெஃபிங்டனை ஒரு பிரிட்டிஷ் கேப்டன் விசாரணையே இல்லாமல் சுட்டுக்கொன்றான். அப்பாவி மனிதர், கொள்ளையைத் தடுக்கத் தெருவில் இறங்கியவர். சொந்த வீட்டு மனுஷனைக் கொன்ற அதே ராணுவத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு கெட்டில் திரும்பப் போர்முனைக்குப் போனார். 1916 செப்டம்பர் 9, ஜின்ஷி என்ற கிராமத்தில், 9-ஆம் டப்ளினோடு முன்னேறும்போது செத்தார். கல்லறை கிடையாது. சிலை செய்து வைத்தும் அதை நிறுத்த வருஷக்கணக்கில் இழுபறி, 1937-இல்தான் நின்றது.

அன்று அதே இடத்தில் அதே படையில் 18 வயது எமெட் டால்டன் இருந்தான், மெடல் வாங்கினான். திரும்பி வந்து, பிரிட்டிஷ்காரனை எதிர்த்துச் சண்டை போட்ட ஐ.ஆர்.ஏ-வில் (ஐரிஷ் குடியரசுப் படை) சேர்ந்தான். 1922 ஆகஸ்டில் அயர்லாந்து விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் சுடப்பட்டபோது கூட இருந்தவனும் அவன்தான். சுருக்குப்பை அண்ணா, இவனை எந்தப் பக்கம் போடுவீர்கள்?

#14 சுருக்குப்பை

இரண்டு பக்கமும் போடுகிறேன், ஆளை விடுங்கள்.

#15 ஊர்சுற்றி சேது

தாமதமாக வருகிறேன். அந்தப் போரில் இவர்களுடைய முதல் பட்டாலியன் போய் இறங்கிய கல்லிப்போலிக்கு நான் போயிருக்கிறேன், இரண்டு வருஷம் முன்னால், துருக்கி டூரில். எல்லாரும் ஆஸ்திரேலியர்கள் இறங்கிய அன்சாக் பக்கம்தான் போவார்கள். நான் டிரைவரிடம் பேரம் பேசி முனைக்குப் போனேன், செத்துல்பாஹிர் கிராமம். அங்கே வி பீச்.

சின்னக் கடற்கரை. நம்ம தரங்கம்பாடிக் கோட்டை எதிரே இருக்கிற மணல் அளவு இருக்கும். கடலைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் பழைய கோட்டை. பின்னால் கிண்ணம் மாதிரி மேடு வளைந்து ஏறுகிறது, மேலே உட்கார்ந்தவனுக்குக் கீழே மணலில் ஓடும் நண்டுகூடத் தெரியும். தண்ணீருக்குப் பக்கத்திலேயே கல்லறை. நிமிர்ந்த கற்கள் இல்லை, தரையோடு சாய்த்து வைத்த தாழ்ந்த கற்கள். டப்ளின், மன்ஸ்டர் என்று நிறைய. பல கற்களில், இன்னார் இங்கே புதைக்கப்பட்டதாக நம்பப்படுகிறது என்று மட்டும் இருக்கும். புல் நடுவே வெறுமையாக இடம் விட்டிருக்கிறார்கள், அங்கேயும் அடியில் ஆட்கள்.

முதல் பட்டாலியன் எப்படி அங்கே போனது என்று பழங்கணக்கு சார் சொல்லட்டும்.

#16 பழங்கணக்கு

சொல்கிறேன், வாத்தியாருக்கு இதுதான் தேவை. 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது முதல் பட்டாலியன் எங்கே இருந்தது தெரியுமா? மெட்ராஸில். சுற்றிச் சுற்றிப் பிறந்த இடத்துக்கே வந்திருந்தது. அங்கிருந்து கப்பலேறி டிசம்பர் 21 அன்று பிளிமத்தில் இறங்கினார்கள். மெட்ராஸ் வெயிலிலிருந்து நேராக இங்கிலாந்துக் குளிருக்கு. 29-ஆவது டிவிஷனில் சேர்த்து, மார்ச்சில் மறுபடி கப்பல். 1915 ஏப்ரல் 25 காலை, வி பீச்.

மன்ஸ்டர் ஃபுசிலியர்ஸும் டப்ளினில் ஒரு கம்பெனியும் ரிவர் கிளைட் என்ற பழைய நிலக்கரிக் கப்பலுக்குள். பக்கவாட்டில் ஓட்டை வெட்டி, கரையில் கொண்டுபோய் மோத விட்டு, படகுகளைப் பாலமாகக் கட்டி இறங்குவது திட்டம். மிச்ச டப்ளின்காரர்கள் திறந்த படகுகளில், நீராவிப் படகு இழுக்க, கரைக்குக் கிட்ட வந்ததும் துடுப்புப் போட்டு. துருக்கியர்கள் கரை வரும்வரை பொறுத்திருந்து சுட்டார்கள். படகிலேயே செத்தவர்கள், முதுகுமூட்டையின் கனத்தில் இடுப்பளவு தண்ணீரில் மூழ்கியவர்கள். மேலே பறந்த விமானி சாம்சன், கரையோரக் கடல் ரத்தச் சிவப்பாக இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். தளபதி ரூத் செத்தார். ஃபாதர் வில்லியம் ஃபின் என்ற பாதிரியார், ஆட்களோடுதான் போவேன் என்று படகேறியவர், அவரும் அந்த மணலில்.

ஏறத்தாழ 1,000 பேர் இறங்கிய பட்டாலியனில் நான்கைந்து நாளில் நிற்கக்கூடியவர்கள் 400-க்கும் குறைவு. மன்ஸ்டரில் மிஞ்சியவர்களோடு சேர்த்து ஒரே பட்டாலியனாக ஒட்டினார்கள், அதற்கு 'டப்ஸ்டர்ஸ்' என்று பட்டப்பெயர். ஆறு மாதம் முன்னால் மெட்ராஸில் அணிவகுத்தவர்கள்.

#17 கோட்டைமேட்டான்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டாம் பட்டாலியன் என்ன ஆனது?

#18 பழங்கணக்கு

அது பிரான்ஸில். அங்கே ஒரு வெட்கக்கேடும் ஒரு நாசமும்.

வெட்கக்கேடு 1914 ஆகஸ்ட் 27, செயின்ட் குவென்டின் ஊர். பின்வாங்கி நடந்து நடந்து ஆட்கள் சாலையிலேயே விழுந்து தூங்குகிறார்கள். இனி முடியாது என்று தளபதி மெயின்வாரிங்கும் வார்விக்‌ஷயர் படைத் தளபதி எல்கிங்டனும் சரணடைய ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு மேயரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த நேரம் குதிரைப்படை மேஜர் டாம் பிரிட்ஜஸ் வந்தார். மிரட்டியும் ஆள் எழவில்லை. பொம்மைக் கடைக்குப் போய் ஒரு பொம்மை மத்தளமும் ஊதலும் வாங்கினார். தன் ஊதுகுழல்காரனோடு, சதுக்கத்தில் படுத்துக்கிடந்தவர்களைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டே வந்தார். முதலில் சிரித்தார்கள், அப்புறம் எழுந்தார்கள், அப்புறம் நடந்தார்கள். இரண்டு தளபதிகளுக்கும் ராணுவ நீதிமன்றம், பதவி பறிப்பு. எல்கிங்டன் பிரெஞ்சு அந்நியர் படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, படுகாயப்பட்டு, இழந்த பெயரை மீட்டார். மெயின்வாரிங்குக்கு அந்த வாய்ப்பும் இல்லை. போருக்கு முன் இரண்டாம் பட்டாலியனின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவரே இவர்தான். கடைசி அத்தியாயத்தில் தானே வில்லனாவோம் என்று நினைத்திருக்க மாட்டார்.

நாசம் 1915 மே 24, ஈப்ரே பக்கம் மவுஸ்டிராப் பண்ணை. விடியற்காலை குளோரின் வாயு. 660 பேருக்கு மேல் இருந்த பட்டாலியனில் இரவு நின்றது ஓர் அதிகாரியும் 20 சிப்பாய்களும்.

மொத்தப் போரில் இந்த ரெஜிமென்ட்டில் செத்தவர்கள் 4,700-க்கும் மேல். விக்டோரியா கிராஸ் மூன்று. மற்றவை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ரெஜிமென்ட்டுக்கும் நடந்ததுதான்.

#19 சுருக்குப்பை

சரி, இவ்வளவு செத்த பிறகு அந்த ராணுவமே ஏன் கலைத்தது? தோற்றதனாலா?

#20 பழங்கணக்கு

தோற்றதனால் இல்லை, ஆள் எடுக்க ஊர் இல்லாமல் போனதனால். 1921 டிசம்பர் ஒப்பந்தப்படி தெற்கு அயர்லாந்து தனி நாடாகிறது. டப்ளின், கில்டேர் எல்லாம் இனி அந்நிய மண். வேறொரு நாட்டில் போய் எப்படி ஆள் எடுப்பது? போர் முடிந்து செலவைக் குறைக்கும் காலம் வேறு. தெற்கை நம்பியிருந்த ஐந்து காலாட்படை ரெஜிமென்ட்களையும் ஒரே உத்தரவில் முடித்தார்கள்: ராயல் ஐரிஷ், கன்னாட் ரேஞ்சர்ஸ், லெய்ன்ஸ்டர், மன்ஸ்டர், டப்ளின். வடக்கில் ஆள் எடுத்தவை தப்பித்தன.

1922 ஜூன் 12, வின்சர் கோட்டையில் ஐந்து ரெஜிமென்ட்டின் படைக்கொடிகளையும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரிடம் ஒப்படைத்தார்கள். பத்திரமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். வாத்தியாரே, உங்கள் ஊர்ப் பெயர் அந்தக் கொடியோடு அன்று உள்ளே போனது. ஜூலை 31 அன்று ரெஜிமென்ட் முடிந்தது. நடுவில் ஜூன் 28 அன்று டப்ளினில் நீதிமன்றக் கட்டடத்தின்மேல் பீரங்கி வெடித்து உள்நாட்டுப் போரே தொடங்கிவிட்டது. கலைந்த பழைய சிப்பாய்களில் நிறையப் பேர் புது நாட்டு ராணுவத்தில் சேர்ந்தார்கள். தெரிந்த தொழில் அதுதானே.

#21 லிஃபிக்கரை

அதற்கப்புறம் இங்கே எழுபது எண்பது வருஷம் யாரும் பேசவில்லை. தாத்தா படையில் இருந்தார் என்றால் மெடலைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரிமேல் வைத்துவிடுவார்களாம். ஐலண்ட்பிரிட்ஜில் நினைவுத் தோட்டம் இருக்கிறது, டெல்லியைக் கட்டிய லட்யன்ஸ்தான் வடிவமைத்தது. 1930-களில் கட்டி முடித்து, முறையாகத் திறக்காமல் புல் முளைக்க விட்டு, 1988-இல்தான் திறந்தார்கள். 1996-இல் டப்ளினில் இந்த ரெஜிமென்ட்டுக்காக ஒரு சங்கம் தொடங்கியது, அப்புறம்தான் டப்பாக்கள் திறந்தன. 2011-இல் எலிசபெத் ராணியும் அயர்லாந்து ஜனாதிபதி மக்லீஸும் அந்தத் தோட்டத்தில் சேர்ந்து மலர்வளையம் வைத்தார்கள். ரோஜா சீசனில் அழகாக இருக்கும், கூட்டமே இருக்காது.

#22 சுருக்குப்பை

நீல் சிலை மியூசியத்தில், இவர்கள் வளைவு வாசலில். எங்கள் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அந்த வளைவை இடிக்காமல் வைத்திருப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். குண்டு பட்ட பள்ளத்தோடு அப்படியே விட்டார்களே.

#23 கோட்டைமேட்டான்

எல்லாருக்கும் நன்றி. அடுத்த வாரம் பையன்களை வந்தவாசிக் கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன். மதில் மிச்சம் கொஞ்சம்தான், அகழிப் பக்கம் முள்ளும் குப்பையும். அங்கே நின்று இந்தக் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். லிஃபிக்கரை அம்மா, அந்த வளைவை ஒரு போட்டோ எடுத்து இங்கே போட முடியுமா? குண்டுப் பள்ளம் தெரிகிற மாதிரி. போனில் காட்டினால்தான் இவன்கள் நம்புவான்கள்.

#24 லிஃபிக்கரை

கண்டிப்பா சார். வெள்ளிக்கிழமை நைட் டூட்டி முடிந்து அந்த வழியாகத்தான் வருவேன். மழை இல்லாமல் இருந்தால் காலை எட்டு மணி வெளிச்சத்தில் பள்ளம் நன்றாகத் தெரியும். வந்தவாசிக் கோட்டை போட்டோவை நீங்களும் போடுங்கள், எங்கள் வார்டு தாத்தாவின் மகளுக்குக் காட்டணும்.